அக்கரைக்குப் போன குழந்தை: பதினோரு வாரம் தடுமாறிய ஒரு பேச்சுப் பயிற்சி

பின்னணி

சின்சினாட்டி நகரம் ஓஹியோ மாநிலத்தில் இருக்கிறது. அந்த நகரத்தின் விமான நிலையமோ கென்டக்கி மாநிலத்தில் இருக்கிறது. நடுவில் ஓஹியோ ஆறு ஓடுகிறது. ஊர்க்காரர்கள் இதைப் பொருட்படுத்துவதே இல்லை. காலையில் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போய், மாலையில் கடந்து வீடு திரும்புகிறார்கள். மேற்கே கொஞ்ச தூரம் ஓட்டினால் இண்டியானா வந்துவிடும். மூன்று மாநிலங்களும் சேர்ந்து ஒரே ஊர் என்ற நினைப்பில்தான் எல்லோரும் வாழ்கிறார்கள். தொழில் உரிமச் சட்டத்துக்கு அந்த நினைப்பு கிடையாது.

சின்சினாட்டிப் பக்கம் உள்ள ஒரு காது, மூக்கு, தொண்டை மையத்தில் உரிமங்களையும் காப்பீட்டுப் பதிவுகளையும் கவனிப்பது என் வேலை. இங்கே சொல்லப்போவது 2023 ஆகஸ்டில் தொடங்கியது. குடும்பத்தின் ஒப்புதலோடு எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

குழந்தைக்கு அப்போது வயது 26 மாதம். பிறந்த மருத்துவமனையில் செய்த செவிப் பரிசோதனையிலேயே குறை தெரிந்துவிட்டது. ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் நோயறிதல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்று அமெரிக்காவில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். இந்தக் குழந்தை அந்தக் கணக்குக்குள் வந்த அதிர்ஷ்டசாலி. இரண்டு காதுகளுக்கும், ஒலியை மின்குறிகளாக மாற்றிச் செவி நரம்புக்கு அனுப்பும் காக்ளியர் இம்பிளான்ட் கருவியைப் பொருத்தி, ஒரு வயதில் சுவிட்ச் ஆன் செய்திருந்தார்கள். பிறந்து 26 மாதம் ஆகியிருந்தாலும், காது கேட்கத் தொடங்கி 14 மாதம்தான் ஆகியிருந்தது.

வீட்டில் பேச்சு முழுக்கத் தமிழ். அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பகல் முழுக்கப் பாட்டிதான். எங்கள் மையத்தின் பேச்சு சிகிச்சையாளர்களில் ஒருவர் தமிழர். கேட்டுப் பேசப் பழக்கும் ஏவிடி பயிற்சியில் சிகிச்சையாளர் குழந்தைக்கு நேரடியாகச் சொல்லிக்கொடுப்பதைவிட, வீட்டில் குழந்தையோடு அதிகம் பேசுகிறவருக்குச் சொல்லிக்கொடுப்பதே முக்கியம். இந்த வீட்டில் அந்த ஆள் பாட்டி. பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. ஆகவே இந்தச் சிகிச்சையாளருக்குப் பதிலாக இன்னொருவர் என்பது சுலபமான காரியம் அல்ல.

செவ்வாயும் வெள்ளியும் 45 நிமிடம் வீடியோ வழியாகப் பயிற்சி. மாதம் ஒருமுறை மையத்துக்கு நேரில் வருவார்கள்; அன்றே செவித்திறன் நிபுணரிடம் மேப்பிங்கும், அதாவது கருவியின் அளவுகளைக் குழந்தைக்கு ஏற்பச் சரிசெய்வதும் முடியும்.

விமானம் காட்டிக்கொடுத்தது

ஆகஸ்ட் முதல் வாரத்தில் குடும்பம் வீடு மாறியது. அப்பாவின் வேலை விமான நிலையத்துக்கு அருகில். ஆகவே ஆற்றைக் கடந்து கென்டக்கிப் பக்கம் குடியேறினார்கள். புது முகவரியைக் காப்பீட்டு நிறுவனத்திடமும் வங்கியிடமும் சொன்னார்கள். எங்களிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நாங்கள் ஒருபோதும் அவர்களிடம் சொன்னதில்லை என்பதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். காணொளிச் சந்திப்பின் இணைப்பு மாறவில்லை, நேரம் மாறவில்லை. புது வீட்டிலிருந்து இரண்டு முழு வகுப்புகள் நடந்துவிட்டன.

மூன்றாவது வகுப்பின் நடுவே குழந்தை கையை மேலே நீட்டி, "ஆ..." என்றது. கேட்கப் பழகும் குழந்தைகளுக்கு ஒவ்வொரு பொம்மைக்கும் ஓர் ஒலி சொல்லித் தருவோம், விமானத்துக்கு "ஆ". கையில் விமானப் பொம்மை இல்லை. வெளியே போன நிஜ விமானத்தின் சத்தம் கேட்டு, அதற்கு உரிய ஒலியைக் குழந்தை தானாகச் சொல்லியிருக்கிறது. இப்படி ஒரு நாளுக்காகத்தான் சிகிச்சையாளர் 14 மாதம் காத்திருந்தார். மகிழ்ச்சியோடு, "விமானம் இவ்வளவு பக்கத்திலா போகிறது?" என்று கேட்டார்.

"இங்கே வந்ததிலிருந்து ஓயாமல் விமானம்தான் டீச்சரம்மா. ஏர்போர்ட் பக்கத்திலேயே வீடு" என்றார் பாட்டி.

விமான நிலையம் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பது சிகிச்சையாளருக்குத் தெரியும். குழந்தை கையில் வைத்திருந்த விளையாட்டை முடிக்கும்வரை காத்திருந்து, அன்றைய வகுப்பை அத்துடன் நிறுத்தினார். பத்து நிமிடத்தில் என் மேசைக்கு வந்தார். அன்றே சொன்னதற்காக அவரை நான் இன்றும் மெச்சுகிறேன். அந்த வாரத்தை எப்படியாவது ஓட்டிவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்று நினைக்கிறவர்கள் இந்தத் தொழிலில் குறைவில்லை.

எங்கே நடக்கிறது சிகிச்சை?

சிகிச்சை நடக்கும் நேரத்தில் நோயாளி உட்கார்ந்திருக்கும் இடம்தான் சிகிச்சை நடக்கும் இடம். சிகிச்சையாளர் எங்கே இருக்கிறார், மையம் எங்கே பதிவாகியிருக்கிறது என்பதெல்லாம் அடுத்த கேள்விகள். குழந்தை கென்டக்கியில் இருந்தால் சிகிச்சையாளர் கையில் கென்டக்கி உரிமம் வேண்டும். எங்கள் சிகிச்சையாளரிடம் இருந்தது ஓஹியோ உரிமம் மட்டும்.

இதில் விசித்திரமாகத் தோன்றும் ஒன்று உண்டு. குழந்தை கென்டக்கியில் குடியிருந்தாலும், பாலத்தைக் கடந்து எங்கள் மையத்துக்கு வந்து மேப்பிங் செய்துகொண்டால் ஒரு சிக்கலும் இல்லை. அந்த நேரத்தில் குழந்தை ஓஹியோவில் இருக்கிறது. அதே நிபுணர் அதே கருவியை இணையம் வழியாக, குழந்தை வீட்டில் இருக்கும்போது சரிசெய்தால் அதற்குக் கென்டக்கி உரிமம் தேவை. பார்க்கப்போவது குழந்தை எங்கே வசிக்கிறது என்பதையல்ல, அந்த முக்கால் மணி நேரம் எங்கே இருக்கிறது என்பதை.

கொரோனா காலத்தில் பல மாநிலங்கள் இந்த விதியைத் தற்காலிகமாகத் தளர்த்தியிருந்தன. வீடியோ வழிச் சிகிச்சை பரவலானதும் அப்போதுதான். தளர்வுகள் ஒவ்வொன்றாக முடிந்துபோயின. பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. எங்கள் தவறின் வேர் அங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

"ஒப்பந்தம் இருக்கிறதே"

அன்று மாலை நடந்த கூட்டத்தில் முதலில் எழுந்த வாதம் இது. எங்கள் செவிலியர் ஒருவர் சொன்னார்: "என் ஓஹியோ உரிமம் கென்டக்கியிலும் செல்லும். பேச்சு சிகிச்சைக்கும் இப்போது மாநிலங்களுக்கு இடையே ஒப்பந்தம் வந்துவிட்டதாமே?"

அவர் தன்னைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. செவிலியர் ஒப்பந்தம் 2000ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஓஹியோ அதில் 2023 ஜனவரி 1 முதல் செயல்படத் தொடங்கியது. பல மாநில உரிமம் ஒன்றை வாங்கிவிட்டால் உறுப்பு மாநிலங்கள் எல்லாவற்றிலும் வேலை பார்க்கலாம்.

செவித்திறன், பேச்சு-மொழி சிகிச்சைக்கான ஒப்பந்தம் வேறு அச்சில் வார்த்தது. பத்து மாநிலங்கள் சட்டம் இயற்றினால் உயிர்பெறும் என்று அதில் எழுதியிருந்தார்கள். 2021இல் அந்த எண்ணிக்கை எட்டியது. 2022 ஜனவரியில் மாநிலப் பிரதிநிதிகளின் ஆணையம் முதன்முறையாகக் கூடியது. ஓஹியோ, கென்டக்கி இரண்டும் உறுப்பினர்கள்தான். ஆனால் இதில் ஒரே உரிமம் எல்லா இடத்திலும் செல்லாது. சொந்த மாநிலத்தில் தடையில்லாத முழு உரிமம் வைத்திருப்பவர், வேலை பார்க்க நினைக்கும் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனியாக விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தி, அனுமதி வாங்க வேண்டும். வாங்கிய பின் நோயாளி இருக்கும் மாநிலத்தின் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும். 2023 ஆகஸ்டில் அந்த அனுமதிக்கான விண்ணப்பமே திறக்கவில்லை. மாநிலங்கள் பகிர்ந்துகொள்ள வேண்டிய தரவு அமைப்பு தயாராகவில்லை.

சட்டம் இருக்கிறது, ஒப்பந்தம் இருக்கிறது, ஆணையம் இருக்கிறது. அனுமதி மட்டும் இல்லை. கல்யாணப் பத்திரிகை அச்சாகிவிட்டது, மண்டபம் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று கூட்டத்தில் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை, மேசையில் தமிழ் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான்.

எடுத்த முடிவுகள்

வீட்டிலிருந்து வீடியோ வகுப்பு உடனே நிறுத்தப்பட்டது. கென்டக்கியில் குழந்தை இருந்தபோது நடந்த வகுப்புகளுக்குக் காப்பீட்டிடம் அனுப்பியிருந்த கோரிக்கைகளைத் திரும்பப் பெற்றோம். நடந்ததை நடந்தபடியே குழந்தையின் கோப்பில் எழுதினோம். இதில் கருத்து வேறுபாடு இல்லை.

கென்டக்கி உரிமத்துக்கு வழக்கமான வழியிலேயே விண்ணப்பிப்பது என்று தீர்மானித்தோம். அந்த இரண்டரை வகுப்புகளைப் பற்றி விண்ணப்பத்தில் தெரிவிப்பதா என்பதில்தான் விவாதம் நீண்டது. யாரும் கேட்கப்போவதில்லை என்றார் ஒருவர். வழக்கறிஞர் ஒரே வரியில் முடித்தார்: அந்த வகுப்புகள் நடந்தது கவனக்குறைவு, கோப்பில் எழுதியதை விண்ணப்பத்தில் மறைத்தால் அது ஏமாற்று. ஒரு பக்கக் கடிதம் இணைத்தோம்.

குழந்தைக்குக் கென்டக்கியிலேயே வேறொருவரைத் தேடினோம். காக்ளியர் இம்பிளான்ட் குழந்தைகளோடு பழகிய ஒருவர் கிடைத்தார். காத்திருப்புப் பட்டியல் ஐந்து மாதம். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான கென்டக்கியின் அரசுத் திட்டமான ஃபர்ஸ்ட் ஸ்டெப்ஸில் குடும்பத்தைச் சேர்த்துவிட்டோம். ஓஹியோவில் பெற்றுவந்த இதே வகைத் திட்டம் ஆற்றோடு முடிந்துவிட்டது. அங்கே மறுபடி மதிப்பீடு, மறுபடி படிவம்.

காரில் ஒரு வகுப்பறை

இடைக்காலத்துக்கு அம்மா ஒரு வழி சொன்னார். பாலத்தைக் கடந்து சின்சினாட்டிப் பக்கம் வந்து, காரை நிறுத்திவிட்டு, போனில் வகுப்பில் சேர்ந்துகொள்கிறேன் என்றார். கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் சட்டப்படி அது சரி. கொரோனாத் தளர்வுகள் முடிந்த பிறகு அமெரிக்காவில் எத்தனையோ நோயாளிகள் மாநில எல்லையைக் கடந்து வந்து, கார் நிறுத்தத்தில் உட்கார்ந்து மருத்துவரிடம் பேசியிருக்கிறார்கள்.

மூன்று வாரம் அப்படி நடந்தது. எனக்கு அந்த வகுப்புகளில் ஒன்றைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. குழந்தை கார் இருக்கையில் கட்டுண்டு கிடந்தது. வெயில் காலம், ஏசி ஓடியது. ஏசியின் இரைச்சலில் "ஸ்" ஒலிக்குக் குழந்தை திரும்பவே இல்லை. தினமும் கருவியைச் சோதிக்கச் சொல்லிப் பார்க்கும் ஆறு ஒலிகள் இருக்கின்றன: ஆ, ஊ, ஈ, ஷ், ஸ், ம். வீட்டில் ஆறுக்கும் திரும்பிய குழந்தை காரில் நாலுக்குத்தான் திரும்பியது. கருவி கெட்டுவிட்டதோ என்று அம்மா பதறினார். கருவி நன்றாகத்தான் இருந்தது, வகுப்பறைதான் கெட்டிருந்தது. அந்தக் காரில் பாட்டி இல்லை என்பது அதைவிடப் பெரிய குறை. ஏசி காற்று ஒத்துக்கொள்ளாது என்று அவர் வருவதில்லை. யாருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமோ அவர் இல்லாமலே பயிற்சி நடந்தது.

செப்டம்பர் நடுவில் காரைக் கைவிட்டு, ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு பொது நூலகத்தின் சிறிய படிப்பறையைப் பதிவு செய்தோம். வாரம் ஒருநாள்தான் கிடைத்தது. பாட்டியும் வந்தார். அறை அமைதியாக இருந்தது. ஆனால் அங்கே அடுப்பு இல்லை, குழாய் இல்லை, தோசைக்கல் இல்லை. "தண்ணி ஊத்தலாமா, சூடா இருக்கா, போதுமா" என்று சமையலறையில் இயல்பாக வரும் பேச்சை, நான்கு பிளாஸ்டிக் பழங்களை வைத்துக்கொண்டு வரவழைக்க வேண்டியிருந்தது.

வாட்ஸ்அப் கேள்வி

இந்த வாரங்களில் எங்களைச் சோதித்த விஷயம் பெரிய சட்டக் கேள்வி எதுவும் இல்லை. ஒரு புதன்கிழமை அம்மா சிகிச்சையாளருக்கு முப்பது விநாடிக் காணொளி ஒன்று அனுப்பினார். பாட்டி வெண்டைக்காய் நறுக்குகிறார், குழந்தை "தா" என்று கை நீட்டுகிறது. கீழே ஒரு வரி: "பாட்டி உடனே கொடுத்துவிடுகிறார். கொடுக்கலாமா, இன்னொரு சொல் வரும்வரை காத்திருக்கச் சொல்லவா?"

பதில் சிகிச்சையாளருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் வீட்டில் இருக்கும் குழந்தைக்கு என்ன செய்ய வேண்டும் என்று வழிகாட்டினால் அதுவே சிகிச்சை. அது காணொளியில் நடந்தால் என்ன, குறுஞ்செய்தியில் நடந்தால் என்ன? "பார்த்து மகிழ்ந்தேன். வெள்ளிக்கிழமை நூலகத்தில் இதைப் பற்றியே பேசுவோம்" என்று மட்டும் எழுதினார். அம்மாவுக்கு அது கொஞ்சம் புண்பட்டது என்பது பிறகு தெரிந்தது. இது சரியான முடிவு என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனால் ஏன் அப்படி என்று முதல் நாளே அம்மாவிடம் உட்கார்ந்து விளக்காதது எங்கள் தவறு.

பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதலோடு, ஃபர்ஸ்ட் ஸ்டெப்ஸ் மூலம் அக்டோபரில் வரத் தொடங்கிய கென்டக்கிப் பயிற்சியாளருக்குக் குறிப்புகளை அனுப்பிக்கொண்டிருந்தோம். ஒரு தொழில்காரர் இன்னொருவரோடு கோப்பைப் பகிர்வதில் தடையில்லை. அவருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும், பாட்டி பேசுவதை நிறுத்தச் சொல்லவில்லை. "அவர் பேசட்டும், நான் கேட்கிறேன்" என்றாராம். வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் இருக்கும் தொழிலில், இவர் கிடைத்தது பெரிய விஷயம்.

உரிமம் ஏன் தாமதமானது

ஆகஸ்ட் கடைசியில் விண்ணப்பித்த உரிமம் நவம்பர் முதல் வாரத்தில்தான் வந்தது. தாமதத்தின் பெரும்பகுதிக்குக் காரணம் நான்.

முதுகலை முடித்ததும் செய்யும் மேற்பார்வைப் பணி குறைந்தது 36 வாரமும் 1,260 மணி நேரமும் நடக்க வேண்டும். எங்கள் சிகிச்சையாளர் அதை வேறொரு மாநிலத்தில் முடித்தவர். அங்கே அவர் வைத்திருந்த உரிமம் எப்போதோ காலாவதியாகிவிட்டது. ஆனாலும், இதுவரை உரிமம் வைத்திருந்த ஒவ்வொரு மாநிலமும் இவர் மேல் நடவடிக்கை ஏதும் இல்லை என்று நேரடியாகக் கடிதம் அனுப்ப வேண்டும். அந்த மூன்றாவது மாநிலத்துக்குக் காசோலையும் படிவமும் தபாலில் அனுப்பினேன். பழைய படிவத்தில் இருந்த பழைய கட்டணத்தை எழுதியிருந்தேன். உறை திரும்பி வந்தது. அது என் மேசைக்கு வந்து சேர்வதற்குள் மூன்று வாரம் போயிருந்தது. குழந்தை நூலகத்துக்குப் போய்வந்த நாட்களில் பாதி, ஒரு காசோலையின் தொகை தப்பியதால் வந்தவை.

எங்கள் விளக்கக் கடிதத்தைப் பற்றி ஒரே ஒரு கூடுதல் கேள்வி வந்தது, தேதிகளைக் கேட்டு. பதில் அனுப்பினோம். உரிமம் நிபந்தனையின்றி வந்தது.

பிறகு நடந்தது

உரிமம் கைக்கு வந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தோம். காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கில் எங்கள் சிகிச்சையாளர் ஓஹியோவில் பதிவானவர்; கென்டக்கியில் தரும் சிகிச்சைக்கு அவரை மறுபடி சேர்க்க வேண்டும் என்றார்கள். அதற்கு ஆறு வாரம். அந்த ஆறு வாரக் கட்டணத்தை மையம் ஏற்றுக்கொண்டது. நிர்வாகம் அதை விரும்பிச் செய்யவில்லை. ஃபர்ஸ்ட் ஸ்டெப்ஸில் பதிவு செய்வதற்கு இன்னொரு விண்ணப்பம். அது முடியும் நேரத்தில் குழந்தைக்கு மூன்று வயது நெருங்கிவிடும் என்று கணக்குப் பார்த்து, அதை விட்டுவிட்டோம். மூன்று வயதில் அந்தத் திட்டம் முடிந்து, பொறுப்பு அந்தப் பகுதியின் பொதுப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டத்துக்குப் போய்விடும்.

நவம்பரில் வீட்டிலிருந்து நடந்த முதல் வகுப்பில் பாட்டி சமையலறையில் போனைச் சாய்த்து வைத்தார். சாய்த்தது உளுந்து டப்பாவின் மேல். அது சரிந்து விழுந்து, போனும் விழுந்து, திரையில் சிறிது நேரம் கூரை மட்டும் தெரிந்தது. "விழுந்து" என்றது குழந்தை. "விழுந்துபோச்சு" என்று பாட்டி நீட்டினார். குழந்தை "போச்சு" என்றது. குறிப்பேட்டில் இரண்டையும் சிகிச்சையாளர் எழுதிக்கொண்டார்.

அந்தப் பதினோரு வாரத்தில் குழந்தை எதை இழந்தது என்று அளந்து சொல்ல என்னால் முடியாது. இடம்பெயர்வு, புது வீடு, புது பயிற்சியாளர் என்று எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தன. மாதம் எட்டு வகுப்புக்குப் பதிலாக மூன்று, நான்கு நடந்தன என்பது மட்டும் கோப்பில் இருக்கிறது. 2024 கோடையில் குழந்தை மூன்று வயதை எட்டி, பள்ளி மாவட்டத்தின் மழலையர் வகுப்பில் சேர்ந்தது. மாதம் ஒருமுறை மேப்பிங்குக்கு இன்னும் பாலத்தைக் கடந்து வருகிறார்கள்.

மாற்றியவையும் மாறாதவையும்

இன்று எங்கள் சிகிச்சையாளர்கள் எல்லோருக்கும் கென்டக்கி, இண்டியானா உரிமங்களை முன்கூட்டியே வாங்கி வைக்கிறோம். செலவுதான். எல்லை ஓரத்தில் கடை வைத்துவிட்டு அதைத் தவிர்க்க முடியாது. புதிதாக வேலைக்குச் சேர்கிறவரிடம் முதல் வாரமே அவர் உரிமம் வைத்திருந்த மாநிலங்களின் பட்டியலை வாங்கி, சரிபார்ப்புக் கடிதங்களுக்கு அப்போதே எழுதிவிடுகிறேன். கட்டணத்தை ஒவ்வொரு முறையும் அந்தந்த வாரியத்தின் தளத்தில் பார்த்துவிட்டுத்தான் காசோலை.

மாநிலங்களுக்கு இடையிலான ஒப்பந்தம் முழு வீச்சில் இயங்கும்போது, இந்தக் கதையில் ஒரு பகுதி மாறும். பகிர்ந்த தரவு அமைப்பு இருந்தால், மூன்றாவது மாநிலத்தின் கடிதத்துக்குத் தபால்காரரை எதிர்பார்க்க வேண்டியதில்லை. காப்பீட்டுப் பதிவை அது தொடாது. அரசுத் திட்டப் பதிவும் பள்ளிக்கான சான்றும் அப்படியே தனித்தனியாக நிற்கும். மேற்பார்வையில் இருக்கும் புதியவர்களுக்கும் அது பயன்படாது. முழு உரிமம் உள்ளவருக்குத்தான் அனுமதி. எங்கள் கூட்டத்தில் "அந்தப் பயிற்சி மாணவியை அனுப்பலாமே" என்று ஒருவர் கேட்டது நினைவுக்கு வருகிறது.

எல்லாவற்றையும்விடச் சிறிய மாற்றம் ஒன்று செய்தோம். ஒவ்வொரு வீடியோ வகுப்பும் தொடங்கும்போது சிகிச்சையாளர், "இன்று எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டுப் பதிலைக் கோப்பில் எழுதுகிறார். தொடங்கிய முதல் மாதத்திலேயே இரண்டு பேர் அகப்பட்டார்கள். ஒரு குழந்தை டென்னசியில் அத்தை வீட்டில் இருந்தது. இன்னொன்று ஃபுளோரிடாக் கடற்கரையில் விடுதி அறையில், தலையில் தொப்பியோடு, வகுப்புக்குத் தயாராக உட்கார்ந்திருந்தது. அதன் அப்பா, விடுமுறையிலும் பயிற்சியை விடக்கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று கோபித்துக்கொண்டார். அன்றைய வகுப்பு நடக்கவில்லை.